மேம்பாலம் ஏறிய ஜப்பான் கார்

என்னிடம் இரண்டே கதவு வைத்த பழைய ஜப்பான் கார் ஒன்று இருக்கிறது. அதன் பெயரையும் மாடலையும் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால், தெரிந்தவர்கள் எங்கே கிடைத்தது என்று ஆரம்பிப்பார்கள். தெரியாதவர்கள் மைலேஜ் எவ்வளவு என்பார்கள். ரெண்டுக்கும் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நீளமான பானெட், இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு உள்ளே இடம், பட்டனை அழுத்தினால் மூடியைத் திறந்துகொண்டு எழும்பும் ஹெட்லைட். செங்கல் நிறத்துக்கு வெளுத்துப்போன சிவப்பு. இவ்வளவு போதும்.

இன்று தெருவில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றை முன்சக்கரம்தான் இழுத்துக்கொண்டு போகிறது. திரும்புவதும் அதே சக்கரம்தான். என் காரில் எஞ்சின் முன்னால் இருக்கிறது. அதன் சக்தி, காரின் வயிற்றுக்குக் கீழே ஓடும் நீளமான தண்டு வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது. பின்சக்கரம் தள்ளும், முன்சக்கரம் திரும்பும். ஆளுக்கொரு வேலை. கேட்டால், இவ்வளவுதானா என்று தோன்றும். இதற்காகத்தான் எத்தனையோ பேர் தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கிரீஸிலும் துருவிலும் கழிக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தி. இதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை. கள்ளிக்குப்பத்தில் ஒரு அடுக்குமாடியின் முதல் மாடியில் நானும் என் கணவரும் இருக்கிறோம். அவருக்கு ஆவடியில் ஒரு வங்கியில் வேலை. அவர் கார் ஓட்ட மாட்டார். கற்றுக்கொள்ள முடியாமல் இல்லை, வேண்டாம் என்று முடிவு செய்தவர். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு போவதைவிடச் சுகமான பயணம் கிடையாது என்பது அவர் கட்சி.

இந்தப் பித்து எனக்கு ஜப்பானில் பிடித்தது. அலுவலக வேலையாக அங்கே ஒரு வருடம் இருந்தேன். எங்கள் குழுவில் ஒரு ஜப்பானியப் பெண், என் வயதுதான். அலுவலகத்தில் வாயைத் திறக்கவே மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைக்குப் போகிறேன், வருகிறாயா என்று கேட்டாள். கோயில் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துப் புடவை கட்டிக்கொண்டு இறங்கினேன். கீழே ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றது. அவளைவிட வயதில் மூத்த கார்.

மலைப்பாதை தொடங்கியதும் அவள் வேறு ஆளாகிவிட்டாள். வேகமாக ஓட்டினாள் என்று சொல்ல மாட்டேன். வளைவு வரும் முன்பே வேகத்தைக் குறைப்பாள், வளைவின் பாதியில் மெல்ல ஆக்ஸிலேட்டரை மிதிப்பாள். அந்த நொடியில் கார் பின்பக்கமாக லேசாகக் குந்தி, வளைவை விட்டு வெளியே கிளம்பும். ஒவ்வொரு வளைவிலும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. மேலே ஒரு பெரிய காலி மைதானத்தில் நிறுத்திவிட்டுச் சாவியை என்னிடம் நீட்டினாள்.

நான் அதற்கு முன்பு பத்து வருடமாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவள். நன்றாக ஓட்டுவேன் என்ற எண்ணமும் உண்டு. அந்த மைதானத்தில் இரண்டு வட்டம் போட்டதும் ஒன்று புரிந்தது. இதுவரை நான் ஓட்டிய கார்களில் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால்தான் தெரிந்துகொண்டிருந்தேன். இதில் அது இடுப்பில் தெரிந்தது. பின்சக்கரம் பிடிக்கிறதா, வழுக்கப் பார்க்கிறதா, எல்லாம் சீட்டின் வழியாக உடம்புக்கு வந்து சேர்ந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்றாவது வட்டம் போட்டேன். அவள் வெளியே நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் தேட ஆரம்பித்தேன். வெளிநாட்டிலிருந்து வீடு திரும்பியவர்கள் ஒரு காலத்தில் இப்படிச் சில கார்களைக் கப்பலில் கொண்டு வந்திருக்கிறார்கள். கப்பலில் எஞ்சினியராக இருந்த ஒருவர் கொண்டு வந்தது மாங்காட்டில் நிற்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். முருங்கை மரத்துக்கு அடியில் நின்றது. பானெட் முழுக்கக் காய்ந்த இலை. டயர் நான்கும் மண்ணோடு மண்ணாகியிருந்தன. பேட்டரி போட்டுப் பட்டனை அழுத்தினேன். இடது பக்க ஹெட்லைட் மட்டும் முனகிக்கொண்டே எழும்பியது. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கணவரைக் கூட்டிப் போய்க் காட்டினேன். அவர் ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"பின்னாடி யாரு உக்காருவாங்க?"

"யாரும் உக்கார முடியாது."

"டிக்கியில அரிசி மூட்டை போகுமா?"

"போகாது."

"அப்ப இது வண்டி இல்ல, நகை. சரி, வாங்கிக்க."

அதற்குப் பிறகு அவர் அந்தக் காரைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. அதில் உட்கார்ந்ததும் இல்லை.

எங்கள் அடுக்குமாடியில் வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தத்தான் இடம். அங்கே நான் தினமும் ஓட்டும் சின்னக் கார் நின்றது. பழையதை வைக்க, பக்கத்து மனையில் இருந்த ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தேன். அந்த மனைக்காரர் கள்ளிக்குப்பத்தின் பழைய குடும்பம். ஏரிப் பாசனம் இருந்தபோது அவர்கள் வீட்டில் விவசாயம். இப்போது ஒரு தண்ணீர் லாரி, ஒரு டிராக்டர், இரண்டு எருமை. டிராக்டரை மண் அடிக்கவும் கட்டட வேலைக்கும் வாடகைக்கு விடுவார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். உரத்த குரல். முதல் நாள் நான் ஹெட்லைட்டை ஏற்றி இறக்கிக் காட்டியதும் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னாம்மா இது, தவள மாரி கண்ண தொறந்து தொறந்து மூடுது?"

அன்றிலிருந்து கார் அவருக்குத் தவளை. என்னைப் பார்த்தால் "தவள எப்டிம்மா கீது?" என்பார். காசைக் கொட்டி இரும்பைத் தேய்க்கிறேன் என்று தெரு முழுக்கச் சொல்வார். வெள்ளம் வந்த அந்த வருடம் தீபாவளி முடிந்ததும், கொட்டகை தனக்கே வேண்டும், டிராக்டரை உள்ளே விட வேண்டும், பொங்கலுக்குள் இடத்தைக் காலி செய்துவிடு என்றும் சொல்லிவிட்டார். நான் சரி என்றேன். வேறு இடம் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

இந்தக் கதையில் இன்னொருவரும் உண்டு. வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் பல் மருத்துவம் சொல்லிக்கொடுப்பவர், வீடு பூந்தமல்லியில். அவரிடமும் இதே கார், கறுப்பு நிறம். புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் விற்கும் ஒரு கடையில் அவரைச் சந்தித்தேன். எனக்கு வேண்டிய பின்விளக்குக் கண்ணாடியை அவர் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது உங்க காருக்குச் சேராது சார்," என்றேன்.

"என் கார் என்னன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க சாவிக்கொத்துல குட்டிக் கறுப்புக் காரா தொங்குதே. ஆனா கறுப்புல வந்ததெல்லாம் பின்னாடி வந்த மாடல். உங்களுதுல ஸ்க்ரூ மூணு. இதுல ரெண்டு."

போனில் தன் காரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மூன்று ஸ்க்ரூ. சிரித்துக்கொண்டே கண்ணாடியை என் கையில் கொடுத்தார். அன்று எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினோம். யாருடைய கார் நன்றாகத் திரும்பும் என்பதில் முதல் சண்டையும் அன்றே நடந்தது.

டாக்டர் கார்புரேட்டரைப் பிரித்தால் பார்க்க வேண்டும். அதில் பெட்ரோல் போகும் துளைகள் மயிர் கனத்துக்குத்தான் இருக்கும். மெக்கானிக்குகள் கம்பியை விட்டுக் குத்துவார்கள். இவர் வேர் சிகிச்சைக்கு வைத்திருக்கும் ஊசியால், வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை வைத்துப் பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்வார். "கொஞ்சம் வாயத் திறங்க" என்று கார்புரேட்டரிடம் ஒருமுறை சொல்லியே விட்டார். அந்த மழைக்காலத்துக்கு முன் என் காரின் கியர்பாக்ஸ் மூன்றாவது கியரில் நறநறவென்று சத்தம் போட்டது. கழற்றி, பின்சக்கரத்துக்குப் போகும் தண்டோடு சேர்த்து அவர் வீட்டு மாடிக்குக் கொண்டு போனோம். ஆக, மழை வந்தபோது என் கார் கொட்டகையில் நின்றது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. எஞ்சினே ஓடினாலும் வண்டி ஓரடி நகராது.

புயல் வரும் என்று நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேறு பகுதிகளில் ஜனங்கள் கார்களை மேம்பாலங்களில் கொண்டு போய் வரிசையாக நிறுத்தியதை டிவியில் பார்த்தோம். நம்ம பக்கம் அவ்வளவு வராது என்று நானே சொன்னேன். விடிய விடியக் கொட்டிய மழை காலையில் லேசாக ஓய்ந்தது. பல் துலக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்தேன். தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தேங்கிய மழைத் தண்ணீர் என்றால் அசையாமல் நிற்கும். இது கிழக்கே பார்த்து ஓடியது. ஏரி நிரம்பி வழியத் தொடங்கியிருந்தது.

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று, தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்று கத்திக்கொண்டு போனது. கீழே இறங்கினேன். தண்ணீர் கணுக்காலுக்கு மேலே இருந்தது. மனைக்காரர் எருமைகளை அவிழ்த்து மேட்டுத் தெருவுக்கு அனுப்பிவிட்டு டிராக்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தினார்.

"யம்மா! இன்னா பாத்துகினு நிக்குற? இன்னும் ஒரு மணி நேரத்துல இடுப்பளவு வந்துரும். தங்கச்சி ஊட்டுக்குப் போறேன், அவங்கள ஏத்திகினு வரணும். போற வழிதான் மேம்பாலம். தவளைய இஸ்துகினு போய் வுட்டுர்றேன். இப்ப வந்தா உண்டு. அப்பால நான் வர முடியாது."

டிராக்டரில் கட்டி இழுக்கும் காரில், ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்ள ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் உட்கார வேண்டும். அது நான்தான். தினமும் ஓட்டும் காரை ஓட்டிப் போகவும் ஓட்டத் தெரிந்தவர் வேண்டும். அதுவும் நான்தான். ஒன்றை விட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் தெருமுனைப் பள்ளம் நிரம்பிவிடும். ஒன்றைத்தான் எடுக்க முடியும். ஒன்று, தினமும் என்னை அலுவலகத்துக்கும், தேவைப்பட்டால் எங்களை ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போகிற, நன்றாக ஓடுகிற கார். மற்றது, ஓடவே முடியாத கார்.

நான் படிக்கட்டில் நின்றேன். மேலே நிமிர்ந்து பார்த்தால் கணவர் பால்கனியில் டீ டம்ளரோடு நிற்கிறார். மனைக்காரர் சொன்னது எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

"என்ன யோசிக்கிற?" என்றார்.

"எதை எடுக்க?"

"கீழ நிக்கறதுக்கு முழு இன்சூரன்ஸ் இருக்கு. போனா இன்னொண்ணு வாங்கலாம், ஷோரூம்ல வரிசையா நிக்குது. அது போனா எங்க போய் வாங்குவ? இதுல யோசிக்க என்ன இருக்கு? போ, போ."

வங்கியில் கடன் மனுவைத் தள்ளிவிடும் அதே குரலில்தான் சொன்னார். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அந்தக் காரில் ஏறாத மனிதர். கொட்டகைக்கு ஓடினேன்.

காரின் முன்பக்கக் கொக்கியில் கயிற்றை மாட்டினோம். தண்ணீர் அப்போதே கதவின் அடி விளிம்பைத் தொட்டிருந்தது. சாவியைப் போட்டு ஸ்டீயரிங் பூட்டை விடுவித்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிராக்டர் உறுமியது, கயிறு விறைத்தது, என் கார் ஒரு குலுக்கலோடு கொட்டகையை விட்டு வெளியே வந்தது. சக்கரங்களைத் தடுக்க உள்ளே ஒன்றும் இல்லாததால் படகு மாதிரி வந்தது. அடுக்குமாடியைத் தாண்டும்போது எங்கள் சின்னக் கார் தூண்களுக்கு நடுவே தண்ணீரில் நிற்பதைப் பார்த்தேன். பால்கனியில் கணவர் டம்ளரை உயர்த்திக் காட்டினார். நான் ஹெட்லைட்டைத் தூக்கி இறக்கினேன். இரண்டுமே எழும்பின.

பெரிய தெருவுக்கு வந்ததும் பாதி ஊர் அங்கே இருந்தது. தலையில் பை, தோளில் குழந்தை, சைக்கிளில் காஸ் சிலிண்டர். அத்தனை பேரும் ஒரு நொடி நின்று எங்களைப் பார்த்தார்கள். ஒரு பையன் "அண்ணாத்தே, ஸ்போர்ட்ஸ் காரு ஓடலியா?" என்று கத்தினான். மனைக்காரர் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார். "டேய், அதுக்கு டிரைவரே டிராக்டர்தான்டா!"

ரயில் பாதைக்கு மேலே போகும் மேம்பாலத்தின் சரிவில் ஏற ஆரம்பித்தோம். ஒரு ஓரமாக ஏற்கெனவே கார்கள் வரிசையாக நின்றன. பாதி ஏறியிருப்போம், முன்னால் ஒரு வேன் நின்றதால் டிராக்டர் சட்டென்று நின்று மறுபடி இழுத்தது. அந்த வெட்டு இழுப்பில் கயிறு அறுந்துவிட்டது. டிராக்டர் முன்னால் போக, நான் பின்னால் உருளத் தொடங்கினேன்.

எஞ்சின் ஓடாதபோது அந்தக் காரின் பிரேக் கல் மாதிரி இருக்கும். இரண்டு காலையும் சேர்த்து வைத்து அழுத்தினேன். வண்டி மெதுவானது, நிற்கவில்லை. பின்கண்ணாடியில் ஒரு ஆட்டோ பெரிதாகிக்கொண்டே வந்தது. ஹேண்ட் பிரேக்கை முழு பலத்தோடு இழுத்தேன். அந்தக் கேபிளை மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நானே தரையில் மல்லாந்து படுத்து மாட்டியது. வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நான் கையை உயர்த்தியதும் தன் வண்டியைப் பின்னால் எடுத்தார்.

மனைக்காரர் டிராக்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"யம்மா, அடி கிடி பட்ச்சா?"

"இல்லண்ணே. பிரேக் பிடிச்சிருச்சு. சங்கிலி இருக்கா?"

"சங்கிலி கீது. நீ எறங்கு, நான் பாத்துக்கறேன்."

"நீங்க சங்கிலிய மாட்டுங்க. நான் எறங்குனா பிரேக்க யாரு பிடிக்கறது?"

டிராக்டரிலிருந்து சங்கிலியை எடுத்து வந்து மாட்டினார். இந்த முறை மெதுவாக, மிக மெதுவாக இழுத்தார். மேம்பாலத்தின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இடம் கிடைத்தது. சக்கரத்துக்குக் கீழே கல் வைத்துவிட்டு இருவரும் பானெட்டில் சாய்ந்து மூச்சு வாங்கினோம். மழை மறுபடி பிடித்திருந்தது.

"ஆமா, டிராக்டர் இஸ்தப்ப உன் வண்டி அப்டி லேசா வந்துச்சே, எப்டி?" என்று கேட்டார்.

கியர்பாக்ஸ் இல்லை, பின்சக்கரத்துக்குப் போகும் தண்டும் இல்லை என்றேன்.

"பின்சக்கரமா? காருக்கு முன்சக்கரம்தான இஸ்கும்?"

"மத்த காருக்கு அண்ணே. இதுல எஞ்சின் முன்னாடி, ஓட்டம் பின்னாடி. உங்க டிராக்டர் மாதிரி."

அவர் திரும்பித் தன் டிராக்டரைப் பார்த்தார். பிறகு என் காரைப் பார்த்தார். மறுபடி டிராக்டரை.

"அட!" என்றார். "அப்ப ரெண்டும் ஒரே வம்சம்னு சொல்லு. இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

பானெட்டை இரண்டு தட்டு தட்டிவிட்டு, தங்கையைக் கூட்டி வரக் கிளம்பிப் போனார். வீட்டுக்கு நான் நடந்தே திரும்பினேன். தெருமுனைக்கு வந்தபோது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. எங்கள் சின்னக் காரில் ஜன்னலும் வெள்ளைக் கூரையும் மட்டும்தான் தெரிந்தன.

மனைக்காரர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது. மத்தியானம் அவர் டிராக்டரில் தங்கை குடும்பத்தை மேட்டுத் தெருவில் ஒரு உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, மனைவியோடு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். மேலே வாருங்கள் என்றேன். தயங்கினார்கள். என் கணவர் கீழே இறங்கிப் போய் அவர்கள் கையில் இருந்த மூட்டையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வெள்ளம் வடியும்வரை அவர்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அந்த அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பின் வாசனைக்கு மேல் மாடிக்காரர்கள் கிண்ணத்தோடு வந்தார்கள். பகல் முழுக்க அவர் டிராக்டரில் பால், தண்ணீர் கேன், மருந்து என்று கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் டிரெய்லரில் நானும் போனேன். யார் வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், யாருக்கு என்ன மாத்திரை என்பதை எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக் கேட்டு அவருக்கு வழி சொன்னது நான். திரும்பும் வழியில் தினமும் மேம்பாலத்துக்குப் போய் காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவோம். நான் கேட்காமலே அவர் வண்டியை அந்தப் பக்கம் திருப்புவார்.

சின்னக் காரில் சீட்டுக்கு மேலே வரை தண்ணீர் ஏறியிருந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் வந்து பார்த்து, இனி இது தேறாது என்று இழுத்துக்கொண்டு போனார்கள். அதே போல இன்னொன்று வாங்கினோம். கணவர் சொன்னபடியே, ஷோரூமில் வரிசையாக நின்றது. எங்கள் அடுக்குமாடிக் கூட்டத்தில் ஒருவர், ஓடுகிற காரை விட்டுவிட்டு ஓடாத காரைக் காப்பாற்றினீர்களாமே என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஆமாம் என்றேன். நாளைக்கே மறுபடி வெள்ளம் வந்தாலும் அதையேதான் செய்வேன் என்றும் சொன்னேன்.

வெள்ளம் வடிந்ததும் கொட்டகையில் முழங்கால் உயரத்துக்குச் சேறு. மனைக்காரரே ஆள் வைத்து வாரிப்போட்டு, தரையை ஒன்றரை அடி உயர்த்தி சிமென்ட் போட்டுவிட்டார். வேறு இடம் பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொல்லப் போனேன்.

"எதுக்கு? டிராக்டர் வெளியவே நிக்கட்டும். அது மழைக்குப் பொறந்தது," என்றார். "இதோ பாரும்மா, தரைய ஒசத்திட்டேன். இனிமே ஏரியே எந்திரிச்சி வந்தாலும் தொட முடியாது."

டாக்டர் கியர்பாக்ஸின் தேய்ந்த வளையங்களை மாற்றி, அதைத் தண்டோடு எடுத்து வந்தார். இரண்டு ஞாயிறு பிடித்தது. மனைக்காரர் டிராக்டர் ஜாக்கியைக் கொண்டு வந்து கியர்பாக்ஸைக் கீழிருந்து தூக்கிப் பிடித்தார். நான் படுத்துக்கொண்டு போல்ட்டுகளை முடுக்கினேன். டாக்டர் டார்ச் பிடித்துக்கொண்டு, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பது போல எட்டி எட்டிப் பார்த்தார். மூன்றாவது கியர் வெண்ணெய்யில் கத்தி இறங்குவது போல விழுந்தது.

முதல் ஓட்டத்துக்கு மனைக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். வெளிவட்டச் சாலையில், காலை வெயிலில், மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். முதல் பாலத்தின் வளைவான சரிவில் வேகத்தைக் குறைத்து, பாதியில் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பின்பக்கம் லேசாகக் குந்தியது. கார் வளைவை விட்டு நேராகிக் கிளம்பியது. அவர் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். சாலை நேரானதும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"யம்மாடி! பின்னாடியிருந்து யாரோ இடுப்பப் புடிச்சித் தள்ற மாரி கீதே!"

"அதான்ணே."

"என் டிராக்டர்ல இது தெரிலியே?"

"அதுல இந்த வேகத்துல திரும்பிப் பாத்திருக்கீங்களா?"

"திரும்புனா நான் வயல்ல கெடப்பேன்," என்று சொல்லிவிட்டு வாய் விட்டுச் சிரித்தார். வேலப்பன்சாவடி வரும்வரை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

அங்கே நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை முன்னால் டாக்டர் கறுப்புக் காரோடு காத்திருந்தார். கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் இரண்டு காரையும் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். டீ குடித்து முடித்ததும் டாக்டர் தன் சாவியை மேஜையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"மேடம், ஒரு தடவை மாத்தி ஓட்டிப் பார்ப்போம். அப்புறமாவது ஒத்துக்குவீங்க."

சாவியை மாற்றிக்கொண்டோம். மனைக்காரர் டாக்டரோடு போகிறேன் என்று மறுபடி என் காரிலேயே ஏறிக்கொண்டார். நான் கறுப்புக் காரில் பூந்தமல்லிவரை போய்த் திரும்பினேன். நல்ல கார். எஞ்சின் இன்னும் கொஞ்சம் துடிப்பாகவே இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டீயரிங் என் கார் அளவுக்குச் சொல்வதைக் கேட்கவில்லை. வளைவில் அது என்னைவிட அரை நொடி தாமதமாக யோசித்தது. டீக்கடைக்குத் திரும்பி வந்து இறங்கி, இதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் டாக்டர் என் காரிலிருந்து இறங்கி வந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"நல்லாத்தான் இருக்கு மேடம்," என்றார். "ஆனா என்னுது அளவுக்கு இல்ல."

இருவரும் ஒரே நேரத்தில் மனைக்காரரைப் பார்த்தோம். அவர் அடுத்த டீக்குக் கையைக் காட்டிவிட்டு, நிதானமாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கறுப்புல நான் இன்னும் ஏறவே இல்லியே," என்றார். "ஏறாம எப்டி தீர்ப்பு சொல்றது? டாக்டரு, சாவி அம்மா கிட்டயே இருக்கட்டும். நீ ஓட்டும்மா, நான் பாக்கறேன்."